தணலுக்கு வெளியில்தான் இடம்



ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் ‘சீசன்’ தொடங்கிவிட்டால் விடுமுறை பங்களாக்களின் முற்றங்களில் கரி அடுப்புகள் வந்துவிடும். எலும்போடு வெட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டையும் உருளைக்கிழங்கையும் தணலில் வாட்டி, பார்பிகியூ என்று சாப்பிடுவார்கள். இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த ருசி. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டளவில் தன் நாட்டிலிருந்து ஆட்களையும் மாடுகளையும் வரவழைத்து நுவரெலியாவில் பண்ணை போட்டார். தன் ஊர்ச் சாப்பாடு இந்தக் குளிரிலும் கிடைக்கவேண்டும் என்ற ஆசையாக இருந்திருக்கும். உருளைக்கிழங்கு இன்று அந்தப் பகுதியின் காசுப் பயிர். இறைச்சி மட்டும் லயத்துக்கு எப்போதாவது வரும் விருந்தாளிதான்.

எங்கள் மாதர் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர், கொழுந்து வேலையை விட்டு அப்படியொரு பங்களாவின் குசினியில் வேலை செய்கிறார். போன மார்கழியில் கிளிநொச்சியிலிருந்து அவருடைய சின்னம்மா மகள் வந்திருந்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அது. 2009 வரை அவர்கள் பட்ட பாட்டை உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருக்காக எல்லோரும் காசு போட்டு ஆட்டு விலாவும் தொடையும் வாங்கினோம். எங்களில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை.

அடுப்புக்கு ஒரு தகர பீப்பாவைப் பாதியாக வெட்டிக்கொண்டோம். மருந்து, கிருமிநாசினி இருந்த பீப்பா என்றால் தொடவே கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாகம் பூசிய தகரத்தையும் நெருப்பில் வைக்கக்கூடாதாம், அதன் புகை நஞ்சு. கவ்வாத்து மிலாறில் நெருப்பு மூட்டி, மேலே சிரட்டைக் கரியைப் போட்டார். கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படியும்வரை இறைச்சியைக் கிட்டேயே விடவில்லை. அரை மணித்தியாலம் போனது, பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். பிறகு தணலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

மிளகு, உள்ளி, உப்பு, கொஞ்சம் அரைத்த பப்பாசிக்காய் தடவி ஊறிய துண்டுகளைத் தணலுக்கு நேர் மேலே வைத்து இருபுறமும் சிவக்க விட்டார். அப்புறம் தணல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி, ஒரு பழைய சட்டியால் மூடினார். எலும்பை ஒட்டிய சதைதான் கடைசியில் வேகும். வெளியே கறுத்து உள்ளே இரத்தமாக இருந்தால் அது சமையல் இல்லை என்பது அவருடைய வாதம். கொழுப்பு சொட்டி நெருப்பு கிளம்பியபோது தண்ணீர் ஊற்றப் பாய்ந்தவள் நான். அவர் துண்டைச் சற்றே நகர்த்தினார், நெருப்பு தானாக அடங்கியது. சிறிய கிழங்குகளைத் தோலோடு அரைப் பதம் அவித்துவைத்து, கடைசியில் தணலின் ஓரத்தில் உருட்டினார். பச்சை ஏறிய கிழங்குகளை முன்பே பொறுக்கி எறிந்துவிட்டார்.

அந்தச் சாப்பாட்டின் ருசியை எழுதப் போனால் பக்கம் போதாது.

சாப்பிட்டு முடிய மழை பிடித்தது. குளிர் எலும்பைக் குத்தியது. பீப்பாவில் தணல் இன்னும் சிவந்து கிடந்தது. “பொகைதான் இல்லையே தங்கச்சி, உள்ள வச்சா புள்ளைங்க சூடா தூங்கும்” என்றார் அக்காவின் மாமியார். எனக்கும் அது சரியாகவே பட்டது. காம்பராவுக்குள் விறகுப் புகையால் வரும் இருமல் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன்! புகையில்லாத கரி நல்லதுதானே என்று நானே பீப்பாவின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

அக்கா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். அவர் வேலை செய்யும் இடத்தில், விருந்தினர் சிலர் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தார்களாம். விடியற்காலையில் ஒருவர் வாந்தியோடு தடுமாறி வந்து கதவைத் திறந்ததால்தான் மற்றவர்களும் தப்பினார்கள்.

சகோதரிகளே, எரியும் கரியிலிருந்து கார்பன் மொனொக்சைட் என்ற வாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி. பிறகு தூக்கம் வருவதுபோல் இருக்கும், அதிலிருந்து எழும்ப முடியாமலே போகலாம். தூங்குகிறவருக்கு முதல் அறிகுறிகளும் தெரியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், குளிருக்காக யன்னல் இடுக்கெல்லாம் சாக்கு அடைத்திருக்கும்போது அது நிரம்ப நேரம் எடுக்காது. தறப்பாள் கொட்டிலும் தகரக் கொட்டிலும் மூடிக் கட்டினால் இதே கதைதான். அணையப்போகும் தணலும் விடாது. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு.

ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை இடித்தால் சந்தேகப்படுங்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990க்கு அழையுங்கள். தெளிந்துவிட்டது என்று வீட்டில் படுக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள்.

நான் வெட்கத்தோடு நின்றேன். சமூகவியல் படித்தவளுக்குக் குசினியில் நிற்பவர் பாடம் எடுத்த இரவு அது. மாமியாருக்குக் கோபம். “அப்ப குளுருல சாவட்டுமா?” என்றார். அக்கா பதில் பேசாமல், கூரையில்லாத இடத்தில் சாக்கைப் பிடித்து மழைக்கு மறைப்புக் கட்டி, அந்தத் தணலிலேயே ஒரு பெரிய கேத்தல் தண்ணீர் சுடவைத்தார். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுப் போத்தல்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய சீலைத் துண்டால் சுற்றினார். போத்தல்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் வீட்டு ஆண்கள் குடித்து வைத்த சாராயப் போத்தல்கள், அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவின. மாமியாரின் காலடியில் ஒன்று, பிள்ளைகளின் போர்வைக்குள் இரண்டு. மிச்சத் தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றிவிட்டுத்தான் அக்கா படுக்கப் போனார்.