உதையும் மறுமொழியும்

2025இல் உத்தராகண்டில் நடைபெற்ற 38ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளில் களரிப்பயட்டு பதக்கப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுச் செயல்விளக்க விளையாட்டாக்கப்பட்டது. 2023இல் கோவாவில் அதற்குப் பதக்கம் இருந்தது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. பொதுவெளி விவாதமோ பெரும்பாலும் போட்டியா, காட்சியா என்பதற்குள்ளேயே சுழன்றது. அக்கலையில் உதை என்ன செய்கிறது என்ற வினா எழவில்லை.

களரியில் உதைகளின் பெயர்கள் தமிழ்ச்செவிக்கு அந்நியமல்ல: நேர்க்கால், அகங்கால், இருத்திக்கால். உறுப்பின் பெயரே வினைக்கு ஆகிவந்திருக்கிறது, கருவியாகுபெயர் எனலாம். பிரேசிலின் கபோய்ரா உருவகத்தை நாடுகிறது. அரைவட்டமாக வீசும் உதை ‘அரைநிலவு’. கையூன்றிச் சுழற்றுவது ‘திருக்கைவால்’. நெஞ்சில் உள்ளங்கால் பதித்துத் தள்ளுவதற்குப் பெயர் ‘ஆசி’! அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களிடையே உருவாகி, 1890இன் குற்றவியல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட கலைக்கு இந்த எள்ளல் பொருந்தும்.

கபோய்ரா ஆடப்படும் ‘ரோடா’ வட்டத்தில் பல உதைகள் உடலைத் தொடுவதேயில்லை. எதிரில் இருப்பவர் பெரும்பாலும் தடுப்பதுமில்லை. தாழ்ந்து விலகி, அவ்விலகலிலிருந்தே தம் உதையைத் தொடங்குகிறார். உரையாடலில் ஒருவர் கூற்றின் பொருளை அடுத்தவர் மறுமொழி தீர்மானிப்பது போன்றது இது. தனித்த உதைக்கு அங்கே பொருளில்லை.

களரிப் போட்டிகளிலோ ‘சவிட்டிப்பொங்ஙல்’ என்றொரு தனிப்பிரிவு உண்டு. கயிற்றில் தொங்கும் பந்தை எம்பி உதைக்க வேண்டும். பந்து மேலும் மேலும் உயர்த்தப்படும். அளப்பதற்கு மிக வசதி. ஆனால் பந்து மறுமொழி தருவதில்லை.

இதைச் சொல்லிப் பதக்கம் கேட்பவர்களைக் குறைகூறுவது நியாயமல்ல. கல்லூரி இடத்துக்கும் அரசுப் பணிக்குமான விளையாட்டு ஒதுக்கீட்டில் பதக்கத்துக்குள்ள எடை செயல்விளக்கச் சான்றிதழுக்குக் கிடைப்பதில்லை. கலையின் தூய்மை பற்றிக் கவலைப்படுவோர் பலருக்கு அந்த வேலை தேவைப்படுவதுமில்லை.

பதக்கம் திரும்ப வேண்டும். மாற வேண்டியது மதிப்பெண் முறை. இருவர் பொருதும் பிரிவுகளில், உதைத்த காலோடு அதற்கு விடைகொடுத்த உடலையும் சேர்த்து மதிப்பிடும் வழியைக் களரி ஆசான்களே வகுத்துத் தர முடியும். தில்லியில் அமர்ந்து விளையாட்டுகளை வகைப்படுத்துவோர் அவர்களை முதலில் அழைத்துக் கேட்கட்டும்.