மாத்திரைதான் போடுறேனே, ஜாங்கிரி சாப்பிட்டா என்ன?

சுகர் பேஷண்ட்ஸ் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. பெரிய கம்பெனிகளும் இப்ப இதையேதான் கேக்குது: "மரம்தான் நடுறோமே, கொஞ்சம் புகை விட்டா என்ன?" ஒரு த்ரெட்.

நிலக்கரி எரிச்சா கார்பன் இன்னிக்கே காத்துல கலந்துடும். இன்னிக்கு நட்ட கன்று அதை உறிஞ்ச பல பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் வறட்சி, தீ, ஆடு, ரோடு அகலப்படுத்துறது எல்லாத்துலயும் தப்பிச்சு நிக்கணும்.

கோல்ட்ப்ளே இசைக்குழு 2002-ல வந்த ஆல்பத்தோட கார்பனை ஈடுகட்ட கர்நாடகாவுல 10,000 மாங்கன்று நடுறதா அறிவிச்சாங்க. நாலு வருஷம் கழிச்சு நிருபர்கள் போய்ப் பார்த்தா, தண்ணியில்லாம நிறைய கன்று காஞ்சு போயிருந்துச்சு. கெட்ட எண்ணம்னு சொல்லமாட்டேன். வறண்ட பூமியில கன்னை விட தண்ணிதான் செலவு.

எங்க மருத்துவ முகாமும் இப்படித்தான். எத்தனை பேருக்கு பிபி பார்த்தோம்னு பேனர் வைப்போம். அதுல எத்தனை பேர் அடுத்த மாசம் மாத்திரை வாங்க வந்தாங்கன்னு வைக்கமாட்டோம். (நானும் அந்த பேனர்ல சிரிச்சுக்கிட்டு நின்னவன்தான்.)

இதைவிடப் பெரிய ஓட்டை காட்டைக் காப்பாத்துறோம்னு விக்குற கார்பன் கிரெடிட்ல. "நாங்க இல்லேன்னா இவ்வளவு காடு அழிஞ்சிருக்கும்"னு ஒரு கணக்கு போடுறாங்க. அந்த வித்தியாசம்தான் சரக்கு. டன்னுக்கு ஒரு கிரெடிட்.

புது மருந்து வந்தா, அதைக் கொடுக்காத இன்னொரு குழுவோட ஒப்பிட்டுத்தான் நம்புவோம். "கொடுக்காம விட்டிருந்தா இத்தனை பேர் செத்திருப்பாங்க"ன்னு மருந்து கம்பெனியே ஒரு நம்பர் எழுதிக்கிட்டு வந்தா ஒத்துக்குவோமா?

2023 ஜனவரியில கார்டியன், டீ ட்சைட் பத்திரிகைகள் சேர்ந்து ஒரு புலனாய்வு வெளியிட்டாங்க. வெர்ரா அமைப்பு சான்று கொடுத்த மழைக்காட்டு கிரெடிட்ல 90 சதவீதத்துக்கு மேல நிஜமான குறைப்பு இல்லாததா இருக்கலாம்னு சொன்னாங்க. வெர்ரா மறுத்துச்சு. சரி, பாதியே பொய்னு வச்சுக்கோங்க. அந்த கிரெடிட்டைக் காட்டி விட்ட புகை மட்டும் முழுசா நிஜம்.

மரம் நடாதீங்கன்னு சொல்லல. நிழலுக்கு நடுங்க, பழத்துக்கு நடுங்க, குருவிக்கு நடுங்க. புகைக்கு ரசீதா நடாதீங்க.

"உங்க பேர்ல ஒரு மரம் நட்டுட்டோம்"னு மெசேஜ் வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. அஞ்சு வருஷம் முன்னாடி நட்டதுல இன்னிக்கு எத்தனை உயிரோட இருக்கு? இந்த அஞ்சு வருஷத்துல உங்க சொந்தப் புகை எத்தனை டன் குறைஞ்சிருக்கு? பதில் வந்தா கமெண்ட்ல போடுங்க, நானும் பாக்குறேன்.