இலை உறிஞ்சும் மெஷினும் காதுக்குள்ள கத்தும் சில்வண்டும்

மாசி பொறந்தா போதும், எங்க தெரு வேப்பமரமும் புங்கமரமும் கூட்டுச் சேர்ந்துக்கும். பெருக்கி முடிச்சு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தா, பெருக்கின இடத்துலயே மறுபடி மஞ்சளா கொட்டிக் கிடக்கும். போதாக்குறைக்கு தெருமுனையில ஒரு தூங்குமூஞ்சி மரம் வேற. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்தே போயிடற தூரத்துல இருக்கற நாப்பது வீட்டு லேஅவுட் எங்களுது. "நீங்கதான் சார் கம்பெனியில மெயின்டனன்ஸ்ல இருக்கீங்க, மெஷின் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும்"னு குடியிருப்போர் சங்கத்துல ஏத்தி விட்டாங்க. நானும் ஏறிட்டேன். போன வருஷம் மாசியில ஆன்லைன்ல ஒரு பெட்ரோல் புளோயர் வாங்கியாச்சு. அப்படியே பிடிச்சா ஊதும். குழாயை மாத்திப் போட்டா இலையை உறிஞ்சி, உள்ள சுத்தற விசிறியில அரைச்சு, தோள்ல மாட்டின பையில கொட்டும். முதல் நாள் தெருவே கூடி நின்னு வேடிக்கை பார்த்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை எங்க போய் முடிஞ்சதுங்கறதுதான் இந்தப் பதிவு.

தெரு பெருக்க வர்ற அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். இதே ஊர்க்காரர். ஒரகடத்துல ஃபேக்டரி எல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஏரிப்பாசனத்துல நெல்லு போட்டவர். மெஷினை அவர் கையில கொடுத்து, ஸ்டார்ட் பண்ற கயிறை எப்படி இழுக்கணும், ஆக்சிலரேட்டர் எது, நிறுத்தற சுவிட்ச் எதுன்னு மூணே விஷயம் சொன்னேன். மொத்தம் அஞ்சு நிமிஷம். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை, தொலையக் கூடாதுன்னு பத்திரமா எங்க வீட்டு டிராயர்ல வெச்சுப் பூட்டினேன். (சிரிக்காதீங்க. உங்க வீட்டு மிக்ஸி புத்தகம் எங்க இருக்கு?)

போன மாசம் ஒரு சாயங்காலம், மெஷினை நிறுத்திட்டு பையை உதறிக்கிட்டு இருந்தார். பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. தோளைத் தொட்டப்புறம்தான் திரும்பினார்.

"மெஷினை நிறுத்தினாலும் காதுக்குள்ள சில்வண்டு கத்திட்டே இருக்கு தம்பி. ராத்திரி படுத்தா இன்னும் ஜாஸ்தி."

"எத்தனை நாளாண்ணே?"

"அது ஆச்சு, தீபாவளியிலேருந்து. வயசாகுதில்ல."

வயசு இல்லைங்க. நான்தான்.

நான் பிழைப்பு நடத்தறது ஒரகடம் சிப்காட்ல ஒரு கம்பெனியில. காலையில ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆளுங்களை நிக்க வெச்சு 'டூல் பாக்ஸ் டாக்'னு அஞ்சு நிமிஷம் பாதுகாப்புப் பாடம் நடத்தறவன் நான்தான். பிரஸ் ஷாப் பக்கம் இயர் பிளக் இல்லாம ஒருத்தன் நடந்தா அங்கயே நிறுத்தித் திட்டுவேன். ஹெல்மெட் வாரைக் கட்டலைன்னா உள்ள விட மாட்டேன். அதே ஆள் சாயங்காலம் கேட்டைத் தாண்டி வெளிய வந்ததும், ஒரு பெரிய மனுஷன் முதுகுப் பக்கம் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை மாட்டி விட்டுட்டு, காதுக்கு ஒரு துண்டுப் பஞ்சு கூடத் தராம டீ குடிக்கப் போயிருக்கேன். பாதுகாப்புங்கறது எனக்குள்ள இல்லை, கம்பெனி கேட்லதான் இருந்திருக்கு.

கணக்கைக் கொஞ்சம் பாருங்க. அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு ஆய்வு பண்ற நையோஷ் நிறுவனம் சொல்ற அளவு, 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதுக்கு மேல 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-ன்னா 4 மணி, 91-ன்னா 2 மணி. 100-க்கு வந்தா வெறும் 15 நிமிஷம். நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இன்னும் தாராளம், 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். அந்தச் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில, சத்தத்தால வர்ற காது கேளாமை தொழில்சார் நோயாவே எழுதியிருந்துச்சு. பெட்ரோல் புளோயர் பிடிச்சிருக்கறவர் காதுகிட்ட சத்தம் சாதாரணமா 90-ஐத் தாண்டும். பெரிய மாடல்கள் 100-ஐ ஒட்டிப் போகும். எங்க அண்ணன் தினம் ரெண்டரை மணி நேரம் பிடிச்சார். உள்காதுல இருக்கற மெல்லிய முடி செல்கள் ஒரு தடவை செத்தா மறுபடி முளைக்கறதில்லை. வேப்பமரம் மாதிரி பங்குனியில துளிர்க்கற சமாச்சாரம் இல்லை அது.

அன்னிக்கு ராத்திரி டிராயரைத் திறந்து புத்தகத்தை முழுசாப் படிச்சேன். பக்கத்துக்குப் பக்கம் குட்டு. ஆனா அதை எழுதினவனுக்கு நம்ம ஊர் தெரியாது. அதனால அவன் சொல்லாம விட்டதும் நிறைய இருக்கு.

'எரியற, புகையற பொருளை உறிஞ்சாதே'ன்னு போட்டிருக்கான். அவன் மனசுல இருந்தது சிகரெட் துண்டும் அடுப்புச் சாம்பலும். இந்தப் பக்கம் வந்து பார்க்கணும். புது வண்டி எடுத்தவங்க கோயில்ல பூஜை போட்டுட்டு வருவாங்க. கடைக்காரங்க வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் பூசணிக்காய் மேல கற்பூரத்தைக் கொளுத்தித் திருஷ்டி சுத்தி ரோட்டோரம் போட்டு உடைப்பாங்க. சருகுக்கு அடியில ஒரு துளிக் கங்கு இருந்தாலும் மேல இருந்து பார்த்தா தெரியாது. அதை உறிஞ்சினா போய்ச் சேர்ற இடம் அரைச்ச காஞ்ச இலை நிறைஞ்ச துணிப்பை. பின்னாடியே விசிறி காத்து. கொல்லன் துருத்திக்கு வேற என்ன வேணும்? அந்தப் பை தொங்கறது மனுஷன் தோள்ல. அதனால இப்ப கடைவாசல் பக்கம், திருஷ்டி கழிச்ச மூலை பக்கமெல்லாம் பெருக்குமாறு மட்டும்தான்.

அடுத்தது, 'தொங்கும் உடைகள் கூடாது'. அண்ணன் கழுத்துல எப்பவும் துண்டு. தூசிக்கு மூக்கைச் சுத்திக் கட்டிக்குவார், ஒரு முனை தொங்கும். நம்ம பக்கத்துக் கம்பெனி வளாகங்கள்ல தோட்ட வேலை பார்க்கற அம்மாக்கள் புடவை மேல சட்டை போட்டிருப்பாங்க, தலைப்பு எட்டிப் பார்க்கும். எல்லாத்துக்கும் மேல கழுத்துல ஐடி கார்டு. கார்டு இல்லாட்டி செக்யூரிட்டி உள்ள விட மாட்டார். ஆனா அந்த நாடா, காத்தை உள்ள இழுக்கற வாய்கிட்ட ஊசலாடறதை யாரும் கவனிக்கறதில்லை. மெஷின் பக்கத்துல போகும்போது கார்டைக் கழட்டிப் பையில போடுன்னு இப்ப என் ஆளுங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சிருக்கேன். 'அப்ப கேட்ல கேட்டா?'ன்னு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி.

அந்த விசிறி இருக்கே, அது சுவிட்சை அணைச்ச உடனே நிக்காது. சத்தம் அடங்கினப்புறமும் சில நொடி சுத்தும். குழாயில இலை அடைச்சா நம்ம கை தானா அங்க போகும். நிறுத்து, முழுசா நின்னாச்சான்னு பாரு, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழட்டு, அப்புறம் கையை விடு. இந்த வரிசையை அண்ணனுக்கு நான் சொல்லவே இல்லை. பத்து மாசம் அவர் விரல் தப்பிச்சது முருகன் புண்ணியம். நட்டு, போல்ட்டு, பாட்டில் மூடி, கம்பெனிப் பெட்டிகள்ல கட்டற பிளாஸ்டிக் பட்டை எல்லாம் நம்ம ரோட்டோரத்துல இலையை விட அதிகமாக் கிடக்கும். உறிஞ்சறதுக்கு முன்னாடி ஒரு நடை நடந்து அதையெல்லாம் பொறுக்கறது தனி வேலை.

இனி பெட்ரோல். இதுதான் நிறைய பேர் கோட்டை விடற இடம். நாப்பது தாண்டினவங்களுக்கு டூ-ஸ்ட்ரோக் தெரியும். ஆர்எக்ஸ்100-ம் டிவிஎஸ் 50-யும் ஓட்டின காலத்துல பங்க்ல பெட்ரோலோட டூ-டி ஆயில் ஊத்துவாங்க, நீல வாசனை வரும் (வாசனைக்கு நிறம் இருந்தா அது நீலம்தான்). இப்ப இருக்கற பசங்களுக்கு அது தெரியாது. 'பெட்ரோல் வண்டி, பெட்ரோல் போட்டேன்'னு வெறும் பெட்ரோலை ஊத்தினா கொஞ்ச நேரத்துல பிஸ்டன் சீஸ் ஆயிடும். 50-க்கு 1-ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1-ன்னா 40 மில்லி. உங்க மெஷினுக்கு எதுன்னு அந்த டிராயர் புத்தகம்தான் சொல்லும்.

அதுலயும் இப்ப ஒரு புதுச் சிக்கல். 2023-ல ஆரம்பிச்ச ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-க்குள்ள நாடு முழுக்க பரவிடுச்சு. எங்க மெஷின் புத்தகத்துல 10 சதவீதத்துக்கு மேல எத்தனால் கூடாதுன்னு அச்சடிச்சிருக்கு. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். அடைமழைக் காலத்துல கேன்ல மாசக்கணக்கா வெச்சா, தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கும். கார்புரேட்டர் உறிஞ்சறது அடியில இருந்துதானே? ஆயில் சரியா இல்லாத அந்தக் கலவை போனாலும் சீஸ்தான். கார்புரேட்டருக்குள்ள இருக்கற மெல்லிய ரப்பர் திரையும் விறைச்சுப் போகும். காரை மட்டும் வெச்சு ஈ20 சண்டை போடறவங்க இந்தக் குட்டி இன்ஜின்களைப் பத்திப் பேசறதே இல்லை. நான் பண்றது இதுதான்: அந்த வாரத்துக்கு வேணுங்கற அளவு மட்டும் கலக்கறது, மிச்சத்தை வெச்சுக்கறதில்லை. சில நாள் ஓட்டப் போறதில்லைன்னா டேங்கைக் காலி பண்ணி, தானா அணையற வரைக்கும் ஓட விடறது.

கூல்டிரிங்ஸ் பாட்டில்ல பெட்ரோல் வாங்கி வந்து, சூடா இருக்கற இன்ஜின்ல அப்படியே ஊத்தறதும் எங்க தெருவுல நடந்ததுதான். நிறுத்தி, பத்து நிமிஷம் ஆற விட்டு, ஊத்தி, சிந்தினதைத் துடைச்சு, ஊத்தின இடத்துல இருந்து மூணு மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணணும். சருகுக் குவியல் மேல சூடான சைலன்சரை வைக்கக் கூடாது. அடுக்குமாடியில இருக்கறவங்க தரைக்கு அடியில இருக்கற பார்க்கிங்ல இதை ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பராமரிப்பு லட்சணத்தையும் ஒத்துக்கறேன். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நறுக்கினோம். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கலை. போன மாசம் திறந்தப்ப உள்ள செம்மண்ணு அடை அடையா. மூச்சு முட்டின இன்ஜினை ஓட வைக்க அண்ணன் ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தியே பிடிச்சிருக்கார். சத்தமும் அதனாலதான் ஜாஸ்தி. நான் அஞ்சு நிமிஷம் செலவழிச்சு ஒரு பஞ்சு ஃபில்டரைக் கழுவாததை அவர் காது வாங்கியிருக்கு.

'அப்ப கலிஃபோர்னியா மாதிரி தடை பண்ணிடலாமா?'ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். அங்க 2021-ல போட்ட சட்டத்தோட தொடர்ச்சியா, 2024 ஜனவரியில இருந்து புதுசா விக்கற இந்த மாதிரி குட்டி இன்ஜின்கள் புகையே விடாததா இருக்கணும்னு விதி. ஒரு மணி நேரம் பெரிய புளோயர் ஓட்டினா வர்ற புகைமூட்ட மாசு, ஒரு கார் 1,100 மைல் ஓடினா வர்றதுக்குச் சமம்னு அந்த மாநிலக் காற்று வள வாரியம் கணக்கு சொல்லுது. நம்ம கணக்குல சென்னையிலிருந்து கொல்கத்தா தூரம். டூ-ஸ்ட்ரோக்ல பாதி எரியாத பெட்ரோல் அப்படியே வெளிய வர்றதுதான் காரணம். அதை நாள் பூரா மூக்குக்குக் கீழ வெச்சு சுவாசிக்கறதும் அண்ணன்தான். பேட்டரி மெஷின் வந்தா நல்லது, சந்தோஷம். ஆனா தடை வர்ற வரைக்கும் காத்திருக்கறது எனக்கு நொண்டிச்சாக்காத் தெரியுது. இயர் மஃப் சில நூறு ரூபாய். மெஷின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பன்னிரண்டாயிரத்துக்கு ஓட்டுப் போட்ட சங்கம், சில நூறுக்கு 'அடுத்த மீட்டிங்ல பேசலாம்'னு சொல்லுச்சு. (நானே வாங்கிட்டேன்.)

செயலாளர் இன்னொண்ணு சொன்னார்: "கொடுத்தா மட்டும் மாட்டிக்குவாரா? வேர்க்குதுன்னு கழட்டி வெச்சுடுவார். நாம என்ன சார் பண்ண முடியும்?" இதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். சித்திரை வெயில்ல இயர் மஃப் மாட்டினா வேர்க்கத்தான் செய்யும். அப்ப வேலை நேரத்தைக் குறைக்கணும், காலையில ஆறரைக்கு வைக்கணும், பாதி தெருவை விளக்குமாத்துக்கு விடணும். அது வாங்கினவன் வேலை. பிடிக்கறவர் தலையில அதையும் கட்டக் கூடாது. போன ஞாயித்துக்கிழமை நானே துண்டு, இயர் மஃப், கண்ணாடி எல்லாம் மாட்டி முழுத் தெருவையும் ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தேன். இருபது நிமிஷத்துல விரல் மரத்துப் போச்சு. அரை மணியில முதுகு. அண்ணன் திண்ணையில உக்காந்து பீடி பிடிச்சுக்கிட்டே பார்த்தார். "பிடியை அவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்க தம்பி, வலிக்கும்"னார். அது புத்தகத்துல இல்லை.

இப்ப மெஷின் சனிக்கிழமை மட்டும் வெளிய வரும், இயர் மஃபோட, இருபது இருபது நிமிஷமா, நானும் அவரும் மாத்தி மாத்தி. மத்த நாளெல்லாம் தென்னந்துடைப்பம். தெரு முன்ன மாதிரி பளிச்சுன்னு இல்லைதான். ரெண்டு வீட்டுல கேட்டுட்டாங்க.

வர்ற புதன்கிழமை அண்ணனை காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், ஆடியோகிராம் எடுக்க. "எதுக்கு தம்பி வீண் செலவு"ங்கறார். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்றார். அவருக்கே தெரியலை.

பி.கு: உங்க தெருவுலயும் இந்த மெஷின் இருந்தா, அதைப் பிடிக்கறவர்கிட்ட ராத்திரியில காது எப்படி இருக்குன்னு கேட்டுட்டு பின்னூட்டத்துல எழுதுங்க. எங்க மெஷின் புத்தகத்தைத் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கேன், முடிஞ்சதும் இங்கயே போடறேன்.