புல்வெளியைக் குனிந்து பார்த்தவர்

கனடாவில் கிழக்கிலிருந்து மேற்கே ரயிலேறிச் செல்லும் பிரயாணிகளில் பலர், மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மாகாணங்களில் பரந்து கிடக்கும் பிரெய்ரி என்னும் புல்வெளியை, ராக்கி மலையின் தரிசனத்துக்கு முன் எப்படியோ கடந்து தீர வேண்டிய வெற்றிடமாகவே எண்ணி வந்திருக்கிறார்கள். அந்த நிலத்தின் செடி கொடிகளைத் தம் ஆயுள் முழுவதும் அணுகிப் பார்த்துச் சித்திரம் தீட்டியவர் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த அன்னோரா பிரவுன் (1899–1987).

டொராண்டோவில் அவருக்குச் சித்திரக்கலை போதித்தவர்களில் ஆர்தர் லிஸ்மரும் ஜே. ஈ. எச். மக்டானல்டும் உண்டு. வடபுலத்து ஏரிகளையும் பைன் மரங்களையும் தீட்டிப் புகழெய்திய எழுவர் குழுவின் பிரபலஸ்தர்கள் அவர்கள். அத்தகைய ஆசான்களிடம் பயின்ற மாணவி, அவர்கள் கண்ட வனங்களையே தாமும் வரைந்து பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் அவரோ, காற்று ஓயாது வீசும் போர்ட் மெக்லியாட் என்னும் தம் சிற்றூருக்குத் திரும்பி, அங்கே காலடியில் பூத்ததைக் கவனிக்கலானார். இந்தத் துணிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

1906-ல் மானிடோபாவின் மாகாண மலராக ஏற்கப்பட்ட பிரெய்ரி குரோக்கஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி உருகியும் உருகாமலும் இருக்கும் பருவத்தில், இலைகள் விரியுமுன்பே, வெளிர் ஊதா நிறத்தில் தரையை ஒட்டி அது மலர்கிறது. காம்பிலும் இதழின் புறத்திலும் பட்டு இழை போன்ற வெண்ரோமம் அடர்ந்திருக்கிறது. தெளிந்த நீர்வர்ணத்தில் வெண்மை என்பது காகிதத்தின் வெண்மையே ஆதலால், அந்த ரோமத்தைக் காட்ட விரும்பும் சைத்ரிகர், தூரிகையை எங்கே வைக்கலாகாது என்பதை முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு, ஊதாவை ஈரம் உலராத பதத்தில் அதன் விளிம்புவரை கொணர்ந்து நிறுத்த வேண்டும். இத்தனை சூட்சுமம் நிறைந்த நீர்வர்ண மலர்ச்சித்திர வித்தையை, ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று கலாரசிகர்கள் கீழ்ப்படியில் உட்கார்த்தி வைத்தது பெரும் அநீதி.

1954-ல் வெளியான ‘ஓல்ட் மேன்ஸ் கார்டன்’ என்ற நூலில், புல்வெளிச் செடிகளைப் பற்றிப் பூர்வகுடிகளிடையே வழங்கிய கதைகளையும் உபயோகங்களையும் அன்னோரா பிரவுன் சிரத்தையுடன் தொகுத்தார். பின்னர் கிளென்போ ஸ்தாபனம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆல்பர்ட்டாவின் காட்டுப்பூக்களை 200 சித்திரங்களாகத் தீட்டித் தந்தார். கலப்பை புகுந்த புல்வெளியின் கதி நாம் அறியாததல்ல: மானிடோபாவின் உயர்புல் வெளியில் இன்று நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. ஆகவே அவருடைய சித்திரங்களை அழகுக்காக மட்டுமன்றி, மறைந்துவரும் ஒரு பூமியின் சாசனமாகவும் போற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நீர்வர்ணச் சித்திரங்கள் வெளிச்சத்தில் நிறம் வெளிறும் என்பது மெய்தான். அதற்காக, இத்தகைய படைப்புகளை வைத்திருக்கும் கலைக்கூடங்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் இழுப்பறைக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டியதில்லை. மங்கிய விளக்கொளியில், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, மலைகளையும் ஏரிகளையும் காட்டும் தைலவர்ணப் படங்களுக்குச் சரிசமமான சுவரில் அவற்றைத் தொங்கவிடலாம். வசந்தம் பிறந்ததும் அந்த மாகாணங்களின் பள்ளிப் பிள்ளைகளை முதலில் அச்சுவருக்கும், பிறகு உழப்படாமல் மிஞ்சியிருக்கும் புல்வெளிக்கும் அழைத்துச் செல்வதை ஆசிரியர்கள் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே கொள்ள வேண்டும்.