மீன் தொட்டியும் நம் பொறுப்பும்



வீட்டின் முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் வண்ண மீன்களை வளர்ப்பது மனத்திற்கு இதமளிக்கும் நல்லதொரு பொழுதுபோக்காகும். அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் நம் ஜொகூரும் ஒன்று. எனவே, மீன் கிடைப்பதில் நமக்குக் குறைவில்லை. குறையெல்லாம் நாம் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் உள்ளது.

பாசார் மாலாமிலோ பட்டணத்துக் கடையிலோ மீனைக் கண்டதும் அதன் நிறத்தில் மயங்கி, 'இதில் இரண்டு, அதில் மூன்று' என்று வாங்கிவிடுகிறோம். இது தவறு என்பதே நம் கருத்து. நிறத்தைப் பார்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இம்மீன் எவ்வளவு பெரியதாக வளரும்? எத்தகைய நீரில் வாழும்? எவற்றோடு கூடி வாழும்? இம்மூன்றிற்கும் விடை அறியாமல் வாங்குவது, விருந்தினரை அழைத்துவிட்டு, உண்ண உணவும் படுக்க இடமும் இல்லையென்று கைவிரிப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிந்திப்போம். மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் நச்சுப் பொருளை இடைவிடாது வெளியிடுகின்றன. தொட்டியிலுள்ள கற்களிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதற்குள் தொட்டி நிறைய மீன்களை விட்டால், தெளிந்து காணப்படும் நீரே அவற்றிற்கு நஞ்சாகிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இங்கே முற்றிலும் பொருந்தும்.

நம் நாட்டின் வெப்பத்தையும் மறத்தலாகாது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகை வெப்பமுள்ள நீரோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். ஆகவே, குளிர்நாட்டார் எழுதிய நூல்களைப் படித்து மீன்களின் எண்ணிக்கையை முடிவு செய்வோர், நம் ஊரில் இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

கணக்கு இதுதான்: இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில், கல்லும் மணலும் போக ஏறக்குறைய 45 லிட்டர், அதாவது 10 காலன் நீர் நிற்கும். ஒரு காலனுக்கு ஓர் அங்குலச் சிறு மீன் என்பது பழைய விதி. அவ்வாறாயின், நான்கு சென்டிமீட்டர் வளரும் மீன்கள் ஆறு போதும். இவ்விதி சிறு மீன்களுக்கு மட்டுமே பொருந்தும். மீனின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடும். கழிவும் அதற்கேற்பப் பெருகும். கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும் பொன்மீன் 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அது முழு வளர்ச்சி பெற்றால், மேற்கூறிய தொட்டி அதற்கு மட்டுமே போதாது.

அடுத்து, கூட்டுறவைப் பார்ப்போம். ஆண் சண்டை மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் அவை பொருது மடியும். டைகர் பார்ப் என்னும் வரிமீன், ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். அந்த ஏஞ்சல் மீனோ, வளர்ந்தபின் நியான் டெட்ரா போன்ற சிறு மீன்களை விழுங்கிவிடும். இவற்றுள் எதனையும் கொடியது என்று பழித்தல் தகாது. இயற்கை அவற்றிற்கு அளித்த குணம் அது. பொருந்தாதவற்றை ஒன்றாக அடைத்த குற்றம் நம்முடையதே அன்றோ?

நீரும் பொருந்த வேண்டும். 'ஆயர் ஈத்தாம்' என்னும் ஊர்ப் பெயருக்குக் 'கரிய நீர்' என்பது பொருள். அவ்வட்டாரச் சதுப்புக் காட்டின் கருநீரில் வாழும் பெட்டா பெர்செபோன் என்னும் சிறு மீன், 1986ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. அமிலத்தன்மை மிகுந்த நீரிலே பிறந்த இத்தகைய மீனைக் குழாய்நீரில் விட்டால் அது எவ்வாறு நலமாக வாழும்? காட்டில் அருகிவரும் இத்தகைய உயிர்களை அவற்றின் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் சிறப்பு.

'கடைக்காரர் ஒரே தொட்டியில் நூறு மீன்களை வைத்திருக்கிறாரே!' என்று சிலர் கேட்கலாம். கடையில் அவை சில நாள்களே தங்குகின்றன. வலிமை மிக்க வடிகட்டிகளும் அங்கே இயங்குகின்றன. பேருந்தில் நாம் நெருக்கியடித்து ஒரு மணி நேரம் பயணம் செய்கிறோம் என்பதற்காக, அப்பேருந்திலேயே குடும்பம் நடத்த இயலுமா?

'ஒரு ரிங்கிட் மீன்தானே, இறந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்' என்பது மற்றொரு வாதம். இதுவே நம்மை மிகவும் வருத்துவது. பெற்றோர் இவ்வாறு கூறும்போது, விலை குறைந்த உயிருக்கு மதிப்பும் குறைவு என்னும் பாடத்தைக் குழந்தையின் உள்ளத்தில் பதிக்கின்றனர். பள்ளியில் நாங்கள் கற்பிக்கும் அன்பும் அருளும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகும்.

தொட்டியில் இடமில்லை என்று மீனை ஆற்றில் விடுவதும் தீர்வாகாது. ஈக்கான் பண்டாராயா என்று நாம் அழைக்கும் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. பாசி தின்னும் என்று சிறு குஞ்சாக வாங்கப்படும் அது ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. அவ்வாறு வளர்ந்தவை நீர்நிலைகளில் விடப்பட்டதால், இன்று கிள்ளான் ஆற்றிலும் வேறு பல ஆறுகளிலும் அவை பெருகிக் கிடக்கின்றன. கரைகளைத் துளைத்து முட்டையிடுகின்றன. நம் நாட்டு மீன்களின் உணவிற்கும் இடத்திற்கும் போட்டியாக நிற்கின்றன. வளர்க்க இயலாத மீனைக் கடையிலோ, வசதியுள்ள நண்பரிடமோ ஒப்படைப்பதே முறை.

அப்படியாயின் எதை வளர்க்கலாம்? ஹார்லெக்வின் ரஸ்போரா என்னும் அழகிய சிறு மீன் நம் தீபகற்பத்து ஓடைகளிலும் இயற்கையாக வாழ்வது. செம்பொன் நிற உடலில் கறுப்பு முக்கோணம் தாங்கிய இம்மீனை, 1904ஆம் ஆண்டில் டங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் உலகிற்கு விவரித்தார். சாதுவான இம்மீன் கூட்டமாக வாழ்வதையே விரும்பும். ஆறு ரஸ்போரா, சில நீர்ச்செடிகள், வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீர் மாற்றம், குளோரின் நீக்கிய நீர், சிறிதளவே உணவு. தொட்டிக்கு இவை போதும்.

மாணவர்களே, மீன்களுக்கு வாயிருந்தும் முறையிட மொழியில்லை. அவற்றிற்காக நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை மீன் கேட்டால், முதலில் தொட்டியை அளக்கச் சொல்லுங்கள். மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். குறைவாக வளர்ப்போம், வளர்ப்பவற்றை நிறைவாக வாழ வைப்போம்!