கன்ட்ரோலரைக் கடைசியில் வாங்குங்கள்

டிஜே ஆக வேண்டும் என்று கிளம்பும் நண்பர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மச்சி, எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்?" கல்ச்சுரல்ஸ் நெருங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: இப்போதைக்கு எதுவும் வாங்காதே. முதலில் பாட்டைச் சேர்த்து ஒழுங்குபடுத்து, அடுத்து சவுண்ட் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள், இரண்டுக்கும் நடுவில் காதைக் காப்பாற்று. கன்ட்ரோலர் கடைசி. இந்த வரிசை மாறினால் வீட்டில் கெஞ்சி வாங்கிய பணமும் போகும், கூட்டமும் கலையும்.

காரணம் ரொம்ப எளிது. கீழே ஆடுகிறவனுக்கு உங்கள் மேசையில் இருப்பது என்ன மாடல் என்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அடுத்த பாட்டு என்ன, அது தெளிவாகக் கேட்கிறதா, நடுவில் நின்று போகிறதா, இந்த மூன்றுதான் அவனுக்குத் தெரியும். இதில் ஒன்றுகூட கன்ட்ரோலரின் விலையைப் பொறுத்தது இல்லை.

கருவிகள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற இசைத்தட்டுக் கருவி 1972ல் வந்தது. பயனியரின் சி.டி.ஜே. 1000 வந்தது 2001ல். இப்போது லேப்டாப்போடு இணைக்கும் ஒரு பலகை போதும். மாறியது கைப்பிடிதான். சரியான பாட்டைச் சரியான நேரத்தில் போடும் வேலை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பழக மிக்ஸ் (பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் வரும்) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். கீபோர்டு, மவுஸ், ஒரு ஹெட்போன் வைத்து இரண்டு மாதம் பழகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கன்ட்ரோலர் பற்றி யோசிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1. பாட்டு

நம்மில் பலருடைய பாட்டுச் சேகரம் வீடியோவை எம்பி3 ஆக மாற்றித் தரும் தளங்களிலிருந்து வந்தது. பாடியவர், இசையமைத்தவர் யாருக்கும் பைசா போகாத வழி அது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒலித் தரத்திலும் அது நஷ்டம்தான். வீடியோவில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை இன்னொரு முறை சுருக்குகிறார்கள். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல. '320' என்று பெயர் போட்டுக் கொடுத்தாலும் போன தரம் திரும்பி வராது. மங்கிய ஜெராக்ஸை விலை உயர்ந்த தாளில் எடுத்தால் எழுத்து தெளிவாகிவிடுமா என்ன?

இயர்போனில் இது தெரியாது. பெரிய பெட்டியில் போட்டால் ஜால்ரா, சலங்கை, கைதட்டல் எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். சோதிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு பாட்டில் எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல் நின்றுவிடும். 320 என்று சொல்லும் பாட்டும் அங்கேயே நின்றால் சந்தேகப்படுங்கள்.

நல்ல கோப்புக்கு இடம் அதிகம் வேண்டுமே என்ற கவலை வேண்டாம். உண்மையான 320 எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்.பி.தான். ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்.பி., ஆயிரம் பாட்டு 12 ஜி.பி. சுருக்காத வேவ் கோப்பு என்றால் நிமிடத்துக்கு 10 எம்.பி. ஆகும். கல்லூரி ஆடிட்டோரியத்துக்கு 320 தாராளம். ஐட்யூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகள் 256 கே.பி.பி.எஸ். ஏ.ஏ.சி. வடிவில் இருக்கும், 2009லிருந்து பூட்டு எதுவும் இல்லாமல் வருகின்றன. சுயாதீன இசைக்கு பேண்ட்கேம்ப் இருக்கிறது. வீட்டுப் பரணில் அப்பா வாங்கி வைத்த ஒரிஜினல் சி.டி. இருந்தால் அதுதான் புதையல்.

"இப்பதான் ஸ்ட்ரீமிங் இருக்கே, கோப்பு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் டிஜே மென்பொருள்களிலிருந்து விலகியது. அதை நம்பி பிளேலிஸ்ட் கட்டியவர்கள் ஒரே நாளில் அம்போ. மறுபடி சில மென்பொருள்களுக்குத் திரும்பி வந்தது 2025ல்தான். நடுவில் ஐந்து வருடம்! இது போக, ஆயிரம் பேர் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் அரங்கில் நெட் என்ன பாடு படும் என்பது உங்களுக்கே தெரியும். கையில் கோப்பாக இருக்கும் பாட்டு மட்டுமே அன்றைக்கு உங்கள் பாட்டு.

அடுத்து பெயர். தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி இது. 'காதல்' என்ற ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். மேடையில் நின்று தேடும்போது பாட்டு உள்ளேயே இருக்கும், ஆனால் கிடைக்காது. தமிழிலேயே பெயர் வைக்கலாம்தான். ஆனால் எல்லாக் கருவியின் திரையிலும் தமிழ் எழுத்து ஒழுங்காக வரும் என்று நம்ப முடியாது. அதனால் உங்களுக்கென்று ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் நூறு பாட்டுக்கு ஒரே நேரத்தில் பெயர், படம், இசையமைப்பாளர், வருடம் எல்லாம் திருத்தலாம். ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தளத்தின் முகவரி இருக்குமே, அதையும் அங்கேயே துடைத்து எறியலாம். :-)

இதோடு சேர்ந்த இன்னொன்று பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. டிஜே மென்பொருள்கள் ஒரே சீரான நாலு தட்டுத் தாளத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்ம ஊர் குத்துப் பாட்டில் பெரும்பகுதி ஆறு-எட்டில் ஓடுகிறது. மென்பொருள் அங்கே குழம்பி ஒன்றரை மடங்கு, பாதி என்று ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும். பழைய பாட்டுகளில் வேறு சிக்கல். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பதிவு அது. வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஆகவே சிங்க் பொத்தானை அழுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். முக்கியமான ஐம்பது பாட்டையாவது நீங்களே தட்டி எண்ணிச் சரிபார்த்து வையுங்கள். சிங்க் உபயோகிப்பவன் டிஜேவே இல்லை என்று சண்டை போடும் ஆசாமிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நம்ம பாட்டுக்கு அது பாதி நேரம் வேலை செய்யாது என்பதே நிஜம்.

கடைசியாக, ஃபோல்டர் அமைப்பை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மென்பொருளில் சேர்த்த பிறகு கோப்புகளை இடம் மாற்றினால் 'காணோம்' என்று சிவப்புக் குறி காட்டும். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டிலேயே விட்டுச்செல்லும் பிரதி ஒன்று, ஆக மூன்று. நிகழ்ச்சிக்குப் போகும்போது ஒரே மாதிரி இரண்டு பென் டிரைவ். அவற்றை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் பல சி.டி.ஜே. கருவிகள் படிக்காமல் முழிக்கும்.

2. சவுண்ட் சிஸ்டம்

பெட்டியின் மேல் 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்ஸ்' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். பி.எம்.பி.ஓ.வுக்கு எந்தப் பொதுவான அளவு முறையும் கிடையாது. விற்கிறவர் வைத்ததே எண். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் வாட்ஸ்.

அந்த வாட்ஸ் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 500 வாட்ஸை 1000 ஆக்கினால் ஒலி இரு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ்! அதனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்பதே அது. 98 டெசிபல் பெட்டிக்கு 250 வாட்ஸ் கொடுப்பதும், 92 டெசிபல் பெட்டிக்கு 1000 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்றுதான். வாடகை பேசும்போது இதைக் கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் உங்களை மதிப்பார்.

மிக்சரில் சிவப்பு விளக்கு எரிவதைப் பலர் வீரம் என்று நினைக்கிறார்கள். சிவப்பு என்றால் அலையின் தலை வெட்டப்படுகிறது என்று அர்த்தம். சத்தம் கரகரக்கும், ட்வீட்டர் சூடேறிக் கருகும். வாடகைப் பெட்டி கருகினால் பில் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள். மிக்சர் பச்சையிலேயே இருக்கட்டும். சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப் பக்கத்தில் கூட்டச் சொல்லுங்கள். எண்பதுகளின் பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு உரக்கவும் பதிவாகியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது அந்தந்த சேனலின் ட்ரிம் குமிழைத் திருகிச் சமன் செய்யுங்கள், மாஸ்டரை அல்ல.

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். முன்வரிசையின் உடம்பே மேல் ஸ்தாயி ஒலியை விழுங்கிவிடும். ஸ்டாண்டில் ஏற்றி ஆட்களின் தலைக்கு மேல் வையுங்கள். மைக் பிடிப்பவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் 'கொய்ங்'தான். ஒயர் நீளமாகப் போவதென்றால் ஆர்.சி.ஏ. வேண்டாம், எக்ஸ்.எல்.ஆர். கேளுங்கள், இரைச்சல் குறையும்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். லேப்டாப் சார்ஜரை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் அது எர்த் சம்பந்தப்பட்ட சிக்கல். இதற்கு டி.ஐ. பாக்ஸ் அல்லது ஐசொலேட்டர் போட வேண்டும். ஆனால் நம்ம ஊரில் சிலர் செய்வது என்ன? த்ரீ பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிடுவார்கள், அல்லது எர்த் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் போகும்தான். கூடவே பாதுகாப்பும் போய்விடும். உள்ளே ஏதாவது பழுதானால் மின்சாரம் மைக் வழியாக, அதைப் பிடித்திருக்கும் ஆள் வழியாக இறங்கும். நன்றியுரை சொல்ல வரும் பிரின்சிபாலாக இருக்கலாம், பாட வரும் ஜூனியர் பெண்ணாக இருக்கலாம். யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்தால் நிகழ்ச்சியே நின்றாலும் பரவாயில்லை என்று தடுத்துவிடுங்கள்.

மைக் செட் போட வரும் அண்ணன்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். "அண்ணே, இந்த ஹால்ல எங்க சவுண்டு அடிபடும்?" என்று கேளுங்கள். கையில் பளபளக்கும் கருவி வைத்திருக்கும் நம்மைவிட, அந்த ஹாலில் நூறு கல்யாணம் பார்த்தவருக்கு அதிகம் தெரியும்.

3. காது

அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94ல் ஒரு மணி நேரம், 100ல் 15 நிமிடம். அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2022ல் சொல்லிவிட்டது. ஆடுகிறவன் அரை மணி ஆடிவிட்டு வெளியே போய் டீ குடிப்பான். நீங்கள் மூன்று மணி நேரம் அங்கேயே நிற்கிறீர்கள். உள்காதில் செத்துப்போன செல்கள் மறுபடி முளைப்பதில்லை. கன்ட்ரோலருக்கு முன்பு வாங்க வேண்டியது நல்ல இயர்பிளக் ஒரு ஜோடி.

வெளியில் இருப்பவர்களுக்கும் காது உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, விழாக்களுக்கென்று வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். மருத்துவமனை, நீதிமன்றம் மட்டுமல்ல, கல்வி நிலையத்தைச் சுற்றியும் 100 மீட்டரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அதில் நம்ம காலேஜும் வரலாம்! பத்து மணிக்கு வார்டன் வந்து நிறுத்தச் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள், சட்டம் அவர் பக்கம். ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு என்று திட்டமிடுகிறவனே நல்ல டிஜே.

ஆக, என்னைக் கேட்டால் வாங்கும் வரிசை இதுதான்: காதை மூடிக்கொள்ளும் நல்ல ஹெட்போன், இயர்பிளக், வெளி ஹார்டு டிஸ்க், இரண்டு பென் டிரைவ், காசு கொடுத்து வாங்கிய நூறு நல்ல பாட்டு. இதற்கெல்லாம் பிறகு பணம் மிச்சம் இருந்தால் கன்ட்ரோலர், அதுவும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஸ்பீக்கர் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

இதைச் சொன்னால் "போடா, கெத்தா இருக்காது" என்கிறார்கள். பாட்டு நடுவில் நின்று, ஸ்பீக்கர் கரகரத்து, மொத்தக் கூட்டமும் 'ஓ'வென்று கத்தும்போது முப்பது விளக்கு மின்னும் பலகைக்குப் பின்னால் நிற்பதும் அவ்வளவு கெத்தாக இருக்காது மக்களே. :-)