ஐந்து மதிப்பெண் இன்சுலின்

நேற்று மாலை என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வயது மகனுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய்.

"சார், இன்சுலினைக் கிருமியில இருந்துதான் எடுக்கிறாங்களாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. பையனுக்கு நிறுத்திடலாமான்னு மாமியார் கேக்கிறாங்க."

நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து என்று புரியவைத்து அனுப்பினேன். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. வதந்தி எழுதியவன் மேல் பாதிக் கோபம். மீதி என் மேல்.

ஏனென்றால் அவள் உயிரியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். "மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் செருகினால் இன்சுலின் உருவாகும்." ஐந்து மதிப்பெண். முப்பது வருடம் இதைத்தான் ஒப்பிக்க வைத்தேன். ஏதோ பாலில் உறைமோர் ஊற்றினால் தயிராகிற மாதிரி!

உண்மையில் பாக்டீரியாவுக்கு நம் இன்சுலின் வேண்டாத சுமை. 1978-இல் ஜெனன்டெக், சிட்டி ஆஃப் ஹோப் விஞ்ஞானிகள் உடலிலிருந்து மரபணுவை எடுத்துச் செருகவில்லை. 21 அமினோ அமிலச் சங்கிலி ஒன்று, 30 உள்ளது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி மரபணுக்களை வேதிமுறையில் கட்டினார்கள். இத்தனை சின்னப் புரதத்தைப் பாக்டீரியா சிதைத்துவிடும். அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அதன் சொந்தப் புரதத்தோடு ஒட்டவைத்தார்கள். கிடைத்தது மூட்டை உமி, ஒரு பிடி அரிசி.

பிறகு அந்த ஒட்டுப் புரதத்தைக் குறுக்கினார்கள். மரபணுவை முடுக்கிவிடும் புரமோட்டரை மாற்றினார்கள். விளைச்சல் கூடியது. கூடவே புதுத் தலைவலி: அவசரத்தில் செய்த புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள் கட்டிதட்டிப் போனது. அதைப் பிரித்து, கரைத்து, வேண்டாததை வெட்டி, இரு சங்கிலிகளையும் கந்தகப் பிணைப்பால் சேர்த்து, சுத்திகரித்த பிறகே மருந்து. 1982-இல்தான் அமெரிக்காவில் அனுமதி.

குப்பியில் இருப்பது கிருமி அல்ல. அந்த மனித இன்சுலினும் நம் கணையம் சுரப்பதும் ஒன்றே. 'இயற்கை இயற்கை' என்போர் கவனிக்க: அதற்கு முன் பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்துதான் எடுத்தோம்.

"படிக்காத ஜனங்கள் நம்புகிறார்கள்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். படித்தவளே நம்பினாள். மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்தோம். மந்திரத்தை நம்பியவர் சூனியத்தையும் நம்பத்தானே செய்வார்?

பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களே, அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எங்கே தோற்றார்கள், எப்படிச் சரிசெய்தார்கள் என்று ஒரு வகுப்பு கூடுதலாக எடுங்கள். தேர்வில் வராதுதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஊசி நிற்காது.